கப்பலில் ஒரு நாளுக்கு 25 மணி நேரம்

இரவு உணவை முடித்துக்கொண்டு கேபினுக்குத் திரும்புகிறீர்கள். பணியாளர் படுக்கையைத் தட்டி விரித்து வைத்திருக்கிறார். தலையணை ஓரத்தில் மறுநாள் நிகழ்ச்சிகளை அச்சிட்ட தாள் ஒன்று கிடக்கிறது. எத்தனை மணிக்கு எந்தக் கூடத்தில் யார் உரையாற்றுகிறார், மாலையில் என்ன உடுத்த வேண்டும், நூலகம் எப்போது திறக்கும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அவற்றோடு கூட ஒரு வரி: இன்றிரவு 2 மணிக்குக் கப்பலின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னுக்கு நகர்த்தப்படும், படுக்கப் போகுமுன் உங்கள் கைக்கடிகாரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

நீண்ட கடற்பயணம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் இந்த வரியிலிருந்துதான் சொல்லத் தொடங்குவேன். நீச்சல் குளமும் நாடக அரங்கும் விருந்து மண்டபமும் விளம்பரப் படங்களில் பளிச்சென்று தெரிகின்றன. அவையெல்லாம் தரையிலும் உண்டு. தரையில் எங்கும் இல்லாதது அந்த ஒரு வரிதான். கப்பலில் எப்போது பசிக்கிறது, எப்போது தூக்கம் வருகிறது, யார் எவ்வளவு நேரம் வேலை செய்கிறார்கள், ஊருக்கு எப்போது போன் பேசலாம் என்பதெல்லாம் அதைச் சுற்றியே நடக்கின்றன. 'கப்பல் நேரம்' என்று அதற்குப் பெயர்.

எடுத்துக்காட்டாக ஒரு குறிப்பிட்ட பயணத்தை வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து நியூயார்க் வரை அட்லாண்டிக்கைக் கடக்கும் 'குயின் மேரி 2'. க்யூனார்ட் நிறுவனத்தின் கப்பல் இது, 2004 ஜனவரியில் முதல் பயணம் புறப்பட்டது. நீளம் 345 மீட்டர். சுமார் 2,700 பயணிகளும் 1,200க்கு மேற்பட்ட ஊழியர்களும் இதில் இருப்பார்கள். வழக்கமாக ஏழு இரவுப் பயணம். நடுவில் ஒரு துறைமுகமும் கிடையாது. உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் நாளுக்கு ஓர் ஊர் என்று நின்று நின்று போகும். இங்கே ஏறிய பிறகு கரையைக் காணும்வரை தண்ணீர் மட்டும்தான். எங்கும் நிற்காமல் கடலிலேயே கழியும் இத்தகைய நாளைக் 'கடல் நாள்' என்பார்கள். கப்பல் நேரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க இதைவிடத் தெளிவான பயணம் வேறு இல்லை.

இப்போது அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த பெரியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பகலும் இரவும் சேர்ந்த ஒரு நாள் 60 நாழிகை. பூமி ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவது 360 பாகை. அப்படியானால் ஒரு நாழிகைக்கு 6 பாகை. ஒரு மணி நேரம் என்பது இரண்டரை நாழிகை. ஆகவே ஒரு மணிக்கு 15 பாகை. நீங்கள் மேற்கே 15 பாகை நகர்ந்தால் சூரியன் உச்சிக்கு வர ஒரு மணி நேரம் தாமதமாகும். நம் நாட்டிலேயே இதைப் பார்க்கலாம். அருணாசலப் பிரதேசத்தில் விடிந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்துத்தான் குஜராத்தின் மேற்குக் கோடியில் விடிகிறது. நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம் என்று முடிவு செய்துகொண்டதால் அந்த வேறுபாடு நம் கைக்கடிகாரத்தில் தெரிவதில்லை.

சௌத்தாம்ப்டன் கிரீனிச்சுக்கு மேற்கே ஏறத்தாழ ஒன்றரைப் பாகையில் இருக்கிறது. நியூயார்க் 74 பாகையில். இடையே 72 பாகைக்குச் சற்று அதிகம். 15ஆல் வகுத்தால் ஐந்து மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு. அதனால்தான் இரு ஊர்க் கடிகாரங்களுக்கும் இடையே ஐந்து மணி நேர வேறுபாடு. (அமெரிக்காவும் பிரிட்டனும் கோடைக்கால நேரத்துக்கு மாறும் தேதிகள் வேறு வேறு. அதனால் மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் இலையுதிர் காலத்தில் ஒரு வாரமும் இந்த ஐந்து நான்காகிவிடும்.) விமானத்தில் போகிறவர் ஏழெட்டு மணி நேரத்தில் இந்த ஐந்தையும் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு, பிறகு பல நாள் அதைச் செரிக்க முடியாமல் நடு இரவில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கப்பல் அதே ஐந்தை, இரவுக்கு ஒன்றாக ஐந்து இரவுகளில் பிரித்துக் கொடுக்கிறது. ஏழு இரவுகளில் ஐந்து இரவு, நாள் 25 மணி நேரமாக நீள்கிறது.

நம் உடலுக்குள் இருக்கும் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாகவே ஓடுகிறது. அதாவது நாளைச் சற்று நீட்டினால் உடல் மறுக்காது, சுருக்கினால்தான் மறுக்கும். மேற்கு நோக்கிப் போகும் பயணிகள் ஒவ்வொரு காலையும் 'நன்றாகத் தூங்கினேன்' என்று முகம் மலரச் சொல்வதன் காரணம் கடல் காற்று மட்டும் அல்ல. உண்மையிலேயே அவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது.

என் முதல் பயணத்தின் இரண்டாம் நாள் காலை நாலரைக்கே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. உடலின் கணக்குப்படி அது ஐந்தரை. இன்னும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்து ஏழாம் தளத்துக்குப் போனேன். கப்பலைச் சுற்றிவரத் தேக்குப் பலகை பதித்த நடைபாதை அங்கே இருக்கிறது. மூன்று சுற்று வந்தால் 1.1 மைல், அதாவது ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். எனக்கு முன்பாகவே பத்துப் பன்னிரண்டு பேர் காதுவரை குல்லாய் இழுத்துவிட்டுக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தார்கள். எதிர்க்காற்றில் முன்பக்கம் போகும்போது உடலைச் சாய்த்து நடக்க வேண்டியிருந்தது. பின்பக்கம் திரும்பியதும் அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. மூன்றாவது சுற்றில் கிழக்கே, நாங்கள் விட்டுவந்த திசையில், ஒரு கோடு வெளுத்தது. நேற்று விடிந்த இடம் வேறு, இன்று விடியும் இடம் வேறு என்பது புத்தியில் ஏறியது அப்போதுதான்.

கடிகாரத்தை எப்போது மாற்றுவது என்று முடிவு செய்பவர் கேப்டன். நடுக்கடலில் எந்த நாட்டின் நேரமும் கட்டாயம் இல்லை. கப்பல் எந்த நேரத்தைத் தன் நேரம் என்று சொல்கிறதோ அதுதான் அங்கே நேரம். பயணிகளின் தூக்கம், சமையல் அறையின் வேலை, சேருமிடத்தின் கடிகாரம் ஆகியவற்றைப் பார்த்து அவர் அதைத் தீர்மானிக்கிறார்.

முன்காலத்தில் இது இன்னும் நுணுக்கமான வேலையாக இருந்தது. ஒவ்வொரு நாளும் சூரியன் உச்சியைத் தொடும் கணத்தை அளந்து அதையே 12 மணி என்று வைத்துக்கொண்டார்கள். அதனால் கப்பலின் கடிகாரம் நாள்தோறும் சில நிமிடங்கள், சில நாள் அரை மணிக்கும் மேல் நகர்ந்தது. கூடவே புறப்பட்ட ஊரின் நேரத்தைப் பிசகாமல் காட்டும் கடிகாரம் ஒன்று இருந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு எவ்வளவு தூரம் மேற்கே வந்திருக்கிறோம் என்று கண்டுபிடித்துவிடலாம். 4 நிமிட வேறுபாடு என்றால் ஒரு பாகை. ஆனால் அலையில் ஆடினாலும், வெப்பத்திலும் குளிரிலும் பிசகாமல் ஓடும் கடிகாரம் 18ஆம் நூற்றாண்டு வரை யாரிடமும் இல்லை. ஜான் ஹாரிசன் என்ற ஆங்கிலேயர் தச்சராகத் தொடங்கிக் கடிகாரம் செய்பவராக மாறியவர். அவருடைய நான்காவது கடிகாரத்தை 1761இல் ஜமைக்காவுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது, இரண்டரை மாதத்துக்கு மேல் கழித்து அது பிந்தியிருந்தது ஏறத்தாழ 5 வினாடிதான். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய அந்தக் கருவியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை பொங்குகிறது. இடத்தை அறிய நேரம் தேவை என்பதை அவ்வளவு உறுதியாக நிறுவிக் காட்டிய பொருள் அது.

இன்று இடத்தைச் செயற்கைக்கோள் சொல்லிவிடுகிறது. ஆனாலும் கப்பலில் இரண்டு நேரங்கள் அருகருகே ஓடுவது நிற்கவில்லை. கப்பலை இயக்கும் மேடையில் கப்பல் நேரத்தோடு உலகப் பொது நேரமும் இருக்கும். காரணம் எளிது. 2 மணி ஆனதும் முள் 1 மணிக்குத் திரும்புகிறது. ஆகவே அன்றிரவு ஒன்றரை மணி இரண்டு முறை வருகிறது. 'ஒன்றரை மணிக்கு ஒரு கப்பலை வலப்பக்கம் பார்த்தோம்' என்று மட்டும் எழுதிவைத்தால் அது எந்த ஒன்றரை? உலகப் பொது நேரம் பின்னுக்குத் திரும்புவதில்லை, அதனால் அந்தக் குழப்பமும் அதில் இல்லை.

இரண்டு முறை வரும் அந்த ஒரு மணி நேரத்தில் யார் விழித்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பயணிகளுக்கு அது தூக்கத்தில் கரைந்துபோகும் பரிசு. ஆனால் மேடையில் அதிகாரிகள் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கப்பல்களில் காலங்காலமாக இருக்கும் முறைப்படி பணி நான்கு மணி நேரம், ஓய்வு எட்டு மணி நேரம். 12 முதல் 4, 4 முதல் 8, 8 முதல் 12 என்று மூன்று குழுக்கள் மாறி மாறி வரும். நம் ஊரில் இரவைச் சாமம் சாமமாகப் பிரித்தது போலத்தான். நம் சாமம் மூன்று மணி நேரம், கடலின் சாமம் நான்கு மணி நேரம். நள்ளிரவுக் குழுவின் பணிக்குள் கடிகாரம் பின்னுக்குப் போனால் அவர்களுக்கு நான்கு ஐந்தாகிவிடும். ஒரே குழுவின் தலையில் அது விழக்கூடாது என்பதற்காகப் பல சரக்குக் கப்பல்களில் ஒரு மணி நேரத்தை மூன்றாகப் பிரித்துக் குழுவுக்கு 20 நிமிடம் என்று கூட்டுவார்கள். சுமையைப் பகிர்ந்துகொள்ள மாலுமிகள் தாங்களாகவே கண்ட வழி அது. எவ்வளவு அழகான நியாயம்!

மேடைக்குக் கீழே, பல தளங்கள் தாண்டி, அடுமனையில் மறுநாள் காலைக்கான ரொட்டி மாவு உப்பிக்கொண்டிருக்கும். கடிகாரம் பின்னுக்குப் போனது மாவுக்குத் தெரியாது. ஈஸ்ட் தன் கணக்குப்படி பொங்கும். அதனால் அடுமனைக்காரர்கள் நேர மாற்றத்தை முன்கூட்டியே கணக்கிட்டு மாவைப் பிசைய வேண்டியிருக்கிறது. இயந்திர அறையில் எஞ்சின் வெளிவிடும் சூட்டைக் கொண்டு கடல்நீரிலிருந்து நல்ல தண்ணீர் எடுத்துக்கொண்டிருப்பார்கள். வீட்டுக் குக்கரில் அழுத்தம் கூடுவதால் கொதிநிலை ஏறுகிறது அல்லவா? இது அதற்கு நேர்மாறு. கலத்தின் அழுத்தத்தைக் குறைத்துவிட்டால் தண்ணீர் 100 டிகிரிக்கு வெகு முன்பே கொதித்து ஆவியாகிவிடும். உப்பு கீழே தங்கிவிடும். ஆவியைக் குளிர்வித்தால் குளிக்கவும் சமைக்கவும் தண்ணீர். சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் முறையும் கப்பல்களில் உண்டு.

இந்த ஊழியர்களின் நாளைப் பற்றி ஒரு சொல் சேர்த்தே ஆக வேண்டும். 2006இல் உருவாகி 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம், வாரத்துக்கு 77 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்கிறது. மாற்றிச் சொன்னால், வாரத்தின் ஏழு நாளும் வேலை இருக்கலாம். பல மாத ஒப்பந்தத்தில் ஞாயிற்றுக்கிழமை என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஊழியர்களில் இந்தியர்களும் பிலிப்பைன்ஸ் நாட்டவரும் நிறையப் பேர். கோடையில் சௌத்தாம்ப்டனில் இருக்கும்போது இந்தியாவுக்கும் கப்பலுக்கும் நாலரை மணி நேர வேறுபாடு. நியூயார்க் சேரும்போது அது ஒன்பதரை. புறப்பட்ட அன்று இரவு 7 மணிக்கு வேலைக்கு நடுவே அழைத்திருந்தால் வீட்டில் பதினொன்றரை, குழந்தை தூங்கப் போகுமுன் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஒரு வாரம் கழித்து அதே 7 மணிக்கு அழைத்தால் அங்கே விடியற்காலை நாலரை. ஒவ்வொரு இரவும் பயணிக்குக் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம், ஊழியரை வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிவைக்கிறது.

கடல் நாளின் நடுக்கம்பம் நண்பகல். 12 மணிக்குக் கப்பலின் ஊதல் முழங்கும். 1934இல் நீரில் இறங்கிய முதல் 'குயின் மேரி' கப்பலின் ஊதல்களில் ஒன்றைத்தான் எடுத்து இந்தக் கப்பலின் புகைபோக்கியில் பொருத்தியிருக்கிறார்கள். 16 கிலோமீட்டர் தூரம் கேட்கக்கூடியது என்றாலும் காதைக் கிழிக்காத அடித்தொண்டைக் குரல் அது. காதில் கேட்பதற்கு முன் நெஞ்சில் அதிர்கிறது. அதைத் தொடர்ந்து மேடையிலிருந்து ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம், என்ன வேகம், காற்று எப்படி, கடலின் ஆழம் எவ்வளவு, நேற்று நண்பகலிலிருந்து எத்தனை கடல் மைல் வந்திருக்கிறோம். பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். சிலர் சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்கள். நாற்புறமும் ஒரே மாதிரித் தண்ணீர் இருக்கும் இடத்தில், நேற்றைய இடம் வேறு இன்றைய இடம் வேறு என்பதற்கு அந்த எண்கள்தான் சாட்சி.

அந்த எண்களைப் புரிந்துகொள்ள இரண்டு செய்தி தெரிந்தால் போதும். கடல் மைல் என்பது 1,852 மீட்டர். வடக்கு தெற்காகப் பூமியின் ஒரு பாகையை 60 பங்காக்கினால் வரும் ஒரு பங்கு அது. மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு 'நாட்'. இதற்கு மேல் ஒரு கணக்கு இருக்கிறது, அதில்தான் புதியவர்கள் தவறிவிடுகிறார்கள். நேற்று நண்பகலிலிருந்து 525 கடல் மைல் வந்தோம் என்று அறிவித்தார்கள் என்று வையுங்கள். 24ஆல் வகுத்தால் ஏறக்குறைய 22 நாட் என்று வரும். அது தவறு. இரவில் கடிகாரம் பின்னுக்குப் போயிற்றே! இந்த நண்பகலுக்கும் அந்த நண்பகலுக்கும் இடையே 25 மணி நேரம். 25ஆல் வகுத்தால் சரியாக 21 நாட். நூலகத்தில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் இதைப் பென்சிலால் போட்டுக் காட்டியபோது, 25 மணி நேர நாள் என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல, கப்பல் உண்மையாகவே அந்த 25ஆவது மணியிலும் ஓடியிருக்கிறது என்று எனக்கு உறைத்தது.

நண்பகலுக்குப் பிறகு பொழுது மெல்ல நகரும். மூன்றரை மணிக்கு வெள்ளைக் கையுறை அணிந்த பரிமாறுபவர்கள் தேநீரும் சிறு சாண்ட்விச்சும் கொண்டுவருவார்கள். உரைகள் உண்டு, இசை உண்டு, கோளரங்கமும் உண்டு. கடலில் ஓடும் கப்பல் ஒன்றில் முதன்முதலாக அமைந்த கோளரங்கம் இதுதான். நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே, வெதுவெதுப்பான வளைகுடா நீரோட்டமும் குளிர்ந்த லாப்ரடார் நீரோட்டமும் சந்திக்கும் பகுதியில் அடிக்கடி மூடுபனி கவியும். அப்போது இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறையாவது நீண்ட ஊதல் ஒலிக்க வேண்டும் என்பது கடல் விதி. பகலும் இரவும் அந்த ஊதல் ஒலிக்க, கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர வேறு ஒன்றும் தெரியாமல் புத்தகம் படித்த நாள் எனக்கு மறக்கவில்லை.

ஆட்டத்தைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். கப்பலின் இருபுறமும் மீனின் துடுப்பு போல நீருக்கடியில் நீட்டப்படும் தகடுகள் பக்கவாட்டு ஆட்டத்தை வெகுவாகக் குறைத்துவிடும். முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அவற்றால் தடுக்க முடியாது. ஏறி இறங்கும் சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்தவருக்கு ஆட்டம் குறைவாகத் தெரிவது போல, கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த் தளத்துக் கேபின் கிடைத்தால் நல்லது. தலை சுற்றினால் வெளியே வந்து தொடுவானத்தைப் பாருங்கள்.

இன்னொன்றையும் விட்டுவிடக்கூடாது. முதல் நாள், கப்பல் நகரும் முன்போ நகர்ந்த உடனேயோ பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி. அதைக் கேட்டால் உங்களுக்குக் குறித்த இடத்தில் கூட வேண்டும். 1912இல் டைட்டானிக் மூழ்கியதைத் தொடர்ந்து 1914இல் கடல் பாதுகாப்புக்கான முதல் உலக உடன்படிக்கை வந்தது. 2012இல் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா விபத்துக்கு உள்ளானபோது, அதில் அன்றுதான் ஏறிய பயணிகள் பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதுவரை ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று இருந்த விதி அதன் பிறகுதான் இறுக்கப்பட்டது. அந்த அரை மணி நேரத்தைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள்.

திரும்பி வரும் பயணத்தில் எல்லாம் தலைகீழ். நியூயார்க்கிலிருந்து கிழக்கே போகும்போது நாள் 23 மணி நேரமாகச் சுருங்கும். இரவில் ஒரு மணி நேரத்தைப் பிடுங்கினால் ஐந்து இரவுகளில் பயணிகளும் ஊழியர்களும் சோர்ந்துபோவார்கள். அதனால் இந்தக் கப்பலில் பகலிலேயே எடுத்துவிடுகிறார்கள். நண்பகல் 12 மணி ஆனதும் அது உடனே 1 மணி. காலைச் சிற்றுண்டி வயிற்றில் இருக்கும்போதே மதிய உணவுக்கு நேரமாகிவிடும். பன்னிரண்டரை மணி என்ற ஒன்றே அன்றைக்குக் கிடையாது. மேற்கே போகும்போது எல்லோரும் விடியற்காலையில் நடைபாதையில் இருப்பார்கள். கிழக்கே வரும்போது அந்த நேரத்தில் நடைபாதை வெறிச்சோடிக் கிடக்கும். கடற்பயணத்தை முதன்முதலாகத் திட்டமிடுகிறவர்கள் போவது, வருவது இரண்டில் ஒன்றைத்தான் கப்பலில் செய்ய முடியும் என்றால், மேற்கு நோக்கிப் போவதைத் தேர்ந்தெடுங்கள் என்பேன்.

உலகைச் சுற்றிவரும் நூறு நாள் பயணங்களில் இந்தக் கணக்கு முழு வடிவம் பெறுகிறது. மேற்கே மேற்கே என்று போய்க்கொண்டே இருந்தால் ஒவ்வொரு மணி நேரமாகச் சேர்ந்து மொத்தம் 24 மணி நேரம் கூடிவிடும். அதாவது உங்கள் வீட்டில் இருப்பவர்கள் பார்த்த சூரிய உதயங்களைவிட நீங்கள் ஒன்று குறைவாகப் பார்த்திருப்பீர்கள். மெகல்லனுடைய குழுவில் உலகைச் சுற்றிவந்த 'விக்டோரியா' கப்பல் 1522 ஜூலையில் கேப் வெர்தே தீவுகளை அடைந்தபோது, கரையில் இருந்தவர்கள் இன்று வியாழக்கிழமை என்றார்கள். கப்பலில் நாள்தோறும் பிசகாமல் குறித்துவந்த பிகஃபெட்டாவின் கணக்கில் அது புதன்கிழமை. நோயுற்று ஒரு நாளும் குறிப்பு விட்டதில்லையே என்று அவர் திகைத்தார். அவர் கணக்கில் தவறில்லை. மூன்று ஆண்டுகளில் இரவுக்குச் சில நொடிகளும் நிமிடங்களுமாகச் சேர்ந்த ஒரு முழு நாள் அங்கே காணாமல் போயிருந்தது.

அந்த ஒரு நாளைச் சரிக்கட்டவே இன்று பசிபிக் நடுவே தேதிக் கோடு இருக்கிறது. மேற்கே போகும் கப்பல் அதைக் கடக்கும்போது ஒரு தேதியை அப்படியே விட்டுவிடும். திங்கள் இரவு படுத்தால் விடிவது புதன். கிழக்கே போகும் கப்பலில் ஒரே தேதி இரண்டு நாள் வரும். அந்தக் கோடு நேர்க்கோடும் அல்ல, அசையாததும் அல்ல. தீவு நாடுகள் தங்கள் வணிகத்துக்கு ஏற்ப எந்தப் பக்கம் இருப்பது என்று முடிவு செய்துகொள்கின்றன. சமோவா நாடு 2011 டிசம்பர் 30ஆம் தேதியை நாட்காட்டியிலிருந்தே நீக்கிவிட்டுக் கோட்டின் மறுபக்கம் போயிற்று. பக்கத்திலேயே இருக்கும் அமெரிக்க சமோவா பழைய பக்கத்திலேயே இருக்கிறது. இன்று இரண்டிலும் கடிகார முள் ஒரே இடத்தைக் காட்டும், கிழமை மட்டும் வேறு.

நடைமுறைக்குச் சில வார்த்தைகள். கைப்பேசியின் நேரத்தைத் தானாக மாறும்படி விடாமல், கையால் மாற்றும்படி வைத்துக்கொள்ளுங்கள். கப்பலின் இணைப்பும் கரையோரக் கோபுரங்களும் வேறு வேறு நேரத்தைக் காட்டிக் குழப்பிவிடும். துறைமுகங்களில் இறங்கும் பயணமாக இருந்தால் இது இன்னும் முக்கியம். சில ஊர்களில் கப்பல் தன் நேரத்தை மாற்றாமலே நிற்கும். கரையில் 4 மணி என்றால் கப்பலில் 5 மணியாக இருக்கலாம். திரும்பி வரச் சொன்ன நேரம் கப்பல் நேரம்தான். கடையில் மாட்டியிருக்கும் கடிகாரத்தை நம்பி நின்றுவிட்டுப் படகுத்துறைக்கு ஓடி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேட்டரியில் ஓடும் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கையில் கட்டிக்கொள்வதே நல்லது. இன்சுலின் போன்ற மருந்துகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் எடுப்பவர்கள், நாள் 25 அல்லது 23 மணி நேரமாக மாறும்போது என்ன செய்வது என்று புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஏழு இரவும் முடிந்து எட்டாவது நாள் இருட்டிலேயே எல்லோரும் மேல்தளத்துக்கு வந்துவிடுவார்கள். நியூயார்க் துறைமுகத்தின் வாயிலில் நிற்கும் வெரசானோ பாலம் விளக்குகளோடு நெருங்கி வரும். புகைபோக்கி பாலத்தில் இடித்துவிடும் என்றே தோன்றும். சில மீட்டர் இடைவெளியில் கடந்துபோகும். அந்தப் பாலத்துக்கு அடியில் போக வேண்டும் என்பதற்காகவே புகைபோக்கியின் உயரத்தைக் குறைத்து வடிவமைத்திருக்கிறார்கள். பிறகு இடப்பக்கம் சுதந்திர தேவி சிலை, முன்னால் மன்ஹாட்டன், மெல்லத் திரும்பி ப்ரூக்லின் கரை. கீழே கப்பலைக் கட்டும் கயிற்றுக்காகக் காத்து நிற்பவர்களின் கடிகாரமும் நம் கையில் இருப்பதும் ஒரே நேரத்தைக் காட்டுகின்றன. முந்தைய இரவு தலையணை ஓரத்தில் கிடந்த தாளில் பெட்டிகளை எங்கே வைக்க வேண்டும், எந்தத் தளத்தில் இறங்க வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தது. கடிகாரத்தைப் பற்றிய வரி மட்டும் இல்லை.